மாயக்காள் தலையில் நின்ற பூ

கம்பம் புதுப்பட்டியிலிருந்து கம்பம் மெட்டுக்கு ஏறும் பாதையில் பத்துப் பதினைந்து வருஷம் சுமை தூக்கிய பெண்களுக்கு உச்சந்தலையில் ஒரு வட்டம் விழுந்திருக்கும். சும்மாடு உட்காரும் இடம் அது. பழைய சேலையைச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் அரிசியோ உப்போ நிறைந்த கூடையை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். ஏற்றத்தில் கூடை பின்னுக்கு இழுக்கும், கழுத்து முன்னுக்குத் தள்ளும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு முடி தேயும். முதலில் ஒடியும், பிறகு மெலியும், கடைசியில் அந்த இடத்தில் முளைப்பதையே விட்டுவிடும். இதை யாரும் நோயாக நினைத்ததில்லை. மண்வெட்டி பிடித்தவன் கை காய்த்துப்போவதுபோல இதுவும் ஒன்று.

மாயக்காளுக்கும் அந்த வட்டம் இருந்தது. ஐம்பத்தொரு வயது வரை அவள் அதைப் பற்றி நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்க வைத்தது அவளே சொன்ன ஒரு வாக்கு.

அவள் புருஷன் கோட்டைச்சாமி 1922இல் ரங்கூனுக்குக் கப்பலேறினான். அந்த வருஷம் அவர்களுடைய மானாவாரி நிலத்தில் சோளம் கதிர் பிடிக்காமலே கருகியது. அதற்கு முந்தின வருஷம், பல காலம் காத்திருந்து பிறந்த ஒரே பெண்குழந்தை மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதுகூடப் பாரமாக இருந்த நாட்கள் அவை. ரங்கூன் அரிசி மில்லில் வேலை இருக்கிறது, மூன்று வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். வருஷத்துக்கு இரண்டு கடிதம் வந்தது. யாரோ எழுதிக்கொடுத்த கையெழுத்து. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே சொற்கள். 1927 ஆடியில் வந்தது கடைசிக் கடிதம்.

அவள் சுமை தூக்கப் போனது அவன் கப்பலேறின பிறகுதான். விடியுமுன் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து கிளம்புவார்கள். ஏறும்போது பேச்சிருக்காது, மூச்சு மட்டும்தான். இறங்கும்போது வெறுங்கூடை, வாய் ஓயாது. வீட்டில் பேச ஆளில்லாத மாயக்காளுக்கு நாளின் பேச்செல்லாம் அந்த இறக்கத்தில்தான். ராமுத்தாய் என்று ஒருத்தி, வாய்த்துடுக்கானவள், எப்போதும் அவளுக்குப் பின்னால் வருவாள்.

ஊரில் அவளுக்கு மிச்சமிருந்த உறவு நாத்தனார் பிச்சையம்மாள். கோட்டைச்சாமியின் தங்கை, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு மல்லிகைக் கொடி உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் பூக்கட்டிக் கொண்டுவந்து, மதினியின் தலையில் தன் கையாலேயே வைத்துவிட்டுப் போவாள். அதில் பாசமும் இருந்தது, கணக்கும் இருந்தது. மதினி தலையில் பூ இருந்தால் அண்ணன் எங்கோ உயிரோடு இருக்கிறான். இரண்டு பேரும் இதைப் பேசிக்கொண்டதில்லை.

காணாமல் போனவனைப் பன்னிரண்டு வருஷம் பார்ப்பது, அதற்குமேல் தகவல் இல்லையென்றால் கருமாதி செய்துவிடுவது என்பது அவர்கள் வகையறாவின் வழக்கம். கடைசிக் கடிதத்திலிருந்து எண்ணினால் 1939 ஆடியில் பன்னிரண்டு முடிந்தது. அந்த வருஷம் பங்காளி வீடுகளில் இரண்டு பச்சைக் குழந்தைகள் தவறின. தூரதேசத்தில் செத்த ஒருத்தன் தண்ணீர் கேட்டு அலைகிறான் என்று குறி சொல்கிறவர் சொல்லிவிட்டார். வகையறாவில் மூத்தவரான முத்துவீரன் தன் வீட்டு வாசலில் ஆட்களைக் கூட்டி மாயக்காளை வரச்சொன்னார். கடுமையான மனிதரல்ல. செத்தவனுக்குச் செய்யாமல் விட்டால் பாவம் நமக்கு, இருப்பவனுக்குச் செய்தால் அவனுக்கு ஆயுசு கூடும், ஆகவே செய்துவிடுவதில் நஷ்டமில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். தர்க்கத்தில் குறை சொல்ல முடியாத பேச்சு.

மாயக்காள் சொன்னாள்:

"என் தலையில பூ நிக்கிது மாமா. நிக்கிற வரைக்கும் அவுக இருக்காக. என்னைக்கு நிக்கலையோ, அன்னைக்குக் கருமாதி வைங்க."

கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. பெண் ஒருத்தி சபையில் வாக்குக் கொடுத்துவிட்டால் அதற்குமேல் வற்புறுத்துவது முறையல்ல. அவள் பக்கத்தில் நின்ற பிச்சையம்மாள் அழுதாள். மாயக்காள் அப்போது தன் மனத்தின் உறுதியை நினைத்துத்தான் பேசினாள். தன் தலையை நினைக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிச்சையம்மாள் வைத்துவிட்ட பூ, அவள் கையை எடுத்ததும் நழுவித் தோளில் விழுந்தது. இன்னொரு முறை வைத்தாள். மறுபடியும் நழுவியது. பிறகு மதினியின் கொண்டையை அவிழ்த்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். உச்சியில் இருந்த வட்டம் பின்மண்டைவரை இறங்கியிருந்தது. எஞ்சிய முடி ஒரு விரல் பருமன்கூட இல்லை.

"எப்பருந்து மதினி இப்படி?"

மாயக்காளுக்குத் தெரியவில்லை. வீட்டில் கண்ணாடி கிடையாது. சீப்பில் வருவதைச் சுருட்டிக் கூரை இடுக்கில் செருகுவாள். ஊசியும் பாசிமணியும் கொண்டுவருகிறவள் கேட்டால் எடுத்துக் கொடுத்து இரண்டு ஊசி வாங்கிக்கொள்வாள். பல வருஷமாகத் தன் தலையை ஊசிக்கு விற்று வந்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

அதன்பின் அவர்கள் செய்த வைத்தியங்களை எழுதினால் நீளும். சின்ன வெங்காயத்தை அரிந்து உச்சியில் தேய்த்தார்கள். எலுமிச்சை விதையையும் மிளகையும் அரைத்துப் பூசினார்கள்; எரிச்சல் தாங்காமல் மாயக்காள் தொட்டித் தண்ணீரில் தலையை முக்கிக்கொண்டு கிடந்தாள். கரிசலாங்கண்ணிச் சாற்றை நல்லெண்ணெயில் காய்ச்சினார்கள். சந்தை நாளில் வருசநாட்டுப் பக்கத்து வேட்டைக்காரன் ஒருவன் கரடிநெய் என்று மூங்கில் குழாயில் அடைத்து விற்றான். அதைத் தடவிக்கொண்டு படுத்தவள் விடிந்து எழுந்தபோது தலையெல்லாம் எறும்பு. அது கரடியா பன்றியா என்று எறும்புக்குத்தான் தெரியும் என்றாள் பிச்சையம்மாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். வைத்தியம் நடந்த மூன்று வருஷத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அநேகமாக அந்த ஒரு நாள்தான்.

செய்தி மெட்டுப் பாதைக்கும் போயிற்று. ராமுத்தாய் விடுவாளா? "ஊருல பொம்பளைக புருசனைத் திருத்த மருந்து தேடுறாளுக. நீ மயிருக்குத் தேடுறியேக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாயக்காள் காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் அவளைக் கேலி செய்யவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ராமுத்தாய்தான் குமுளியில் இருந்த மலையாளத்து வைத்தியரைப் பற்றிச் சொன்னாள். ஒரு முழு நாள் நடந்து போனாள் மாயக்காள். வைத்தியர் அவளைத் தரையில் உட்காரவைத்து, விரலால் மண்டையை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக அவர் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, இனிமேல் தலையில் சுமை ஏற்றக்கூடாது. வேர் சாகவில்லை, நசுங்கிக் கிடக்கிறது. பாரத்தை எடுத்தால் நாளாவட்டத்தில் நிமிரும். இரண்டாவது, மொட்டை அடிக்க வேண்டும். முடியை வைத்துக்கொண்டு எண்ணெய் தேய்ப்பது கூரைமேல் தண்ணீர் ஊற்றிச் செடி வளர்ப்பதுபோல என்றார்.

மொட்டை அடிக்க முடியாது என்றாள் மாயக்காள். அவர் காரணம் கேட்டார். பூ வைக்க வேண்டும் என்றாள். பூ வைக்கத்தானே வைத்தியம் என்றார் அவர். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அந்நியரிடம் சொல்லும் பதில் அல்ல. மொட்டைத் தலையில் பூ நிற்காது. நிற்காத அன்றைக்கு முத்துவீரன் வீட்டு வாசலில் பேசினது பேசினபடி நடந்தாக வேண்டும். எண்ணெயை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

சுமை தூக்குவதை நிறுத்தினாள். வயிற்றுப்பாட்டுக்குக் களையெடுக்கப் போனாள். நெல் குத்திக் கொடுத்தாள். அவற்றை வீட்டருகிலேயே செய்யலாம். ஆனால் விடியுமுன் மெட்டுக்குக் கிளம்புகிற பெண்கள் தெருவில் நடந்துபோகும் சத்தம் கேட்கும். தன் வாசலுக்கு வரும்போது அவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வதும் கேட்கும். அவள் எண்ணெய் ஊறிய தலையில் துணி சுற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். முடிக்காக அவள் விட்டது கூலியை மட்டுமல்ல. பகலில் அந்த ஒரு மணிநேரப் பேச்சுத்தான் அவளை ஊரோடு சேர்த்து வைத்திருந்தது.

பிச்சையம்மாள் ஒரு நாள் தன் சீப்பில் சேர்ந்த முடியையெல்லாம் சேர்த்துச் சவுரி கட்டிக் கொண்டுவந்தாள். ஊரில் பாதிப் பெண்கள் வைத்துக்கொள்வதுதான். மாயக்காள் அதை வைத்துக் கொண்டை போட்டுக்கொண்டு, ஒரு முழம் பூவும் வைத்துக்கொண்டு அரை நாள் இருந்தாள். பிறகு அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பூ நிற்கிறது, ஆனால் தன் தலையில் நிற்கவில்லை என்றாள்.

"யாருக்கு மதினி தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுதுல்ல."

தலைமுடிக்கும் கடல் தாண்டி இருக்கும் ஒருவனின் மூச்சுக்கும் நடுவில் எந்த நூலும் கிடையாது என்பது மாயக்காளுக்குத் தெரியாததல்ல. அவள் மூடநம்பிக்கைக்காரி என்று எளிதாகச் சொல்லிவிடலாம், சொன்னால் தப்பாகிவிடும். வாக்கு என்பது நம்பிக்கையைப் போல் அல்ல. நம்பிக்கை பொய்யென்று தெரிந்தால் விட்டுவிடலாம். வாக்கு, அதற்குள் ஒன்றுமே இல்லையென்று தெரிந்த பிறகும், கொடுத்தவரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

முழம் அரைமுழமாயிற்று. அரைமுழம் ஒரே முடிச்சில் அடங்கும் கண்ணியாயிற்று. 1941இல் முத்துவீரன் பேத்திக்கு வளைகாப்பு நடந்தபோது மாயக்காள் ஒற்றை மல்லிகைப் பூவை, இருந்த முடியில் நூலால் கட்டிக்கொண்டு போனாள். நூல் கட்டுவது சரியா என்று முந்தின நாள் முழுதும் யோசித்து, எல்லாப் பெண்களுக்கும் பூ நூலில்தானே கட்டியிருக்கிறது என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். அங்கே வந்திருந்தவர்கள் வாங்க என்றார்கள், உட்காருங்க என்றார்கள். ஆனால் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார்கள். கர்ப்பிணிக்குச் சந்தனம் பூச அவள் முறை வந்தது. குனிந்தால் பூ விழும். முழங்காலிட்டு, கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டிப் பூசினாள். ஒரு மூட்டை உப்பைத் தலையில் வைத்துக்கொண்டு மெட்டு ஏறுகிறவளின் கழுத்து அது. மல்லிகைப் பூ ஒன்றின் பாரத்தை அவளைப்போல் அறிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை.

அன்றைக்குப் பூ விழவில்லை.

1942 பங்குனி கடைசியில் சுருளியாண்டி வந்தான். கோட்டைச்சாமிக்குப் பின்னால் இரண்டு வருஷம் கழித்து ரங்கூன் போனவன், வேறு வகையறா. போரில் ரங்கூன்மேல் குண்டு விழுந்ததும் அங்கிருந்து கிளம்பி, அரக்கான் மலை வழியாக நடந்து, பாதிப்பேரைப் பாதையில் விட்டு வந்து சேர்ந்திருந்தான். கால் வீங்கி, பல் நான்கு போயிருந்தது. ஊரே அவனைப் பார்க்கப் போனது. கோட்டைச்சாமியைப் பற்றிக் கேட்டவர்களிடம், ரங்கூன் பெரிய ஊர், நான் பார்க்கவில்லை என்றான். பிச்சையம்மாள் இரண்டு முறை போய்க் கேட்டாள். அவளிடமும் அதையேதான் சொன்னான்.

நான்கு நாள் கழித்து, காலையில், முல்லையாற்றில் மாயக்காள் அரப்புத் தேய்த்துத் தலை அலசிக்கொண்டிருந்தபோது அவன் கோலை ஊன்றிக்கொண்டு கரைக்கு வந்தான். படித்துறையில் வேறு யாரும் இல்லை. அவள் ஈரத் தலையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"அக்கா, ஒன்னு சொல்லணும். சொல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது" என்றான்.

அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கோட்டைச்சாமி இருக்கிறான். ரங்கூனுக்கு வடக்கே பெகுவில் வெற்றிலை பாக்குக் கடை வைத்திருந்தான். பர்மாக்காரி ஒருத்தியோடு குடும்பம். மூன்று பிள்ளைகள், பெரியவனுக்குப் பதினான்கு வயது இருக்கும். தை மாதம் கிளம்பும்போது சுருளியாண்டி போய்க் கூப்பிட்டிருக்கிறான். வரவில்லை. அந்தப் பர்மாக்காரியின் கிராமத்துக்குப் போகிறோம் என்று வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"ஊருக்கு என்ன சொல்லட்டும்னு கேட்டேன். ஒன்னும் சொல்ல வேணாம்னாக. இத்தனை வருசம் ஒரு கடுதாசி போடாம இருந்துட்டேன், பன்னெண்டு முடிஞ்சதும் கருமாதி வச்சிருப்பாக, அவளும் அழுது முடிச்சிருப்பா. செத்தவன் எப்படிறா திரும்பிப் போறதுன்னாக."

அவனுக்கு வேறு சில சொற்களும் நினைவிருந்திருக்கலாம். அவற்றைச் சொல்லவில்லை.

அரப்பு நுரை அவள் கால் பக்கத்தில் சுற்றிச் சுற்றி நின்று, பிறகு நீரோடு போயிற்று. கடைசியில் அவள் கேட்டது சுருளியாண்டி எதிர்பாராத கேள்வி.

"தலையில முடி இருக்கா அவுகளுக்கு?"

அவன் திரும்பிப் பார்த்தான். "இருக்குக்கா. நரைச்சுப்போச்சு. ஆனா கொட்டல."

அவள் சிரித்தாள். அது வருத்தத்தில் வந்த சிரிப்பு அல்ல என்று அவன் பிற்பாடு தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். கேட்க வேடிக்கையாக இருக்கும் ஒன்றைக் கேட்டவள் சிரிப்பதுபோலத்தான் சிரித்தாளாம். பிச்சையம்மாளிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. கரடிநெய்யும் வெங்காயமும் எறும்பும் மூன்று வருஷமும் எதற்கு என்று அவள் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். கோட்டைச்சாமி வழக்கத்தை நம்பினான். வகையறா தன் வேலையைச் செய்துவிடும், பன்னிரண்டாம் வருஷம் தன்னைக் கொன்று அவளை விட்டுவிடும் என்று நம்பிக் கடிதத்தை நிறுத்தினான். அவளோ அதே வழக்கத்தை எதிர்த்துத் தன் தலையை அடகு வைத்தாள். ஒரே கயிற்றின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் எப்போதோ விட்டுவிட்டான், அவளுக்குத் தெரியவில்லை.

அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஊரில் சொல்லலாம். சொன்னால் அவள் வாக்கு ஜெயித்ததாகும். பிறகு சாகும்வரை வெள்ளிக்கிழமைதோறும், செத்துப்போனதாகத் தன்னை நினைத்துக்கொண்ட ஒருவனுக்காகப் பூவைச் சுமக்க வேண்டும். சொல்லாமலும் இருந்துவிடலாம். முடி எப்படியும் ஒரு நாள் கைவிடும். பூ தானாக விழும், அதுவரை காத்திருக்கலாம். மாயக்காள் இரண்டையும் செய்யவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டிக்குப் போகிறவர்களோடு அவளும் வண்டியேறினாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கௌமாரியம்மன் கோயிலுக்கு வெளியே, ஆற்றோரம் வரிசையாக உட்கார்ந்திருந்த நாவிதர்களில் ஒருவருக்கு முன்னால் போய் அமர்ந்தாள். பூமுடியா என்று கேட்டார் அவர். சுமங்கலிப் பெண்கள் பெரும்பாலும் நுனியில் மூன்று விரற்கடை மட்டும் கொடுப்பது உண்டு. முழுசும் என்றாள். எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. வேண்டுதலா என்று பேச்சுக்குக் கேட்டார். ஆமாம் என்றாள்.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஊருக்குத் திரும்பி, வீட்டுக்குப் போகாமல் நேரே முத்துவீரன் வாசலுக்குப் போனாள்.

"பூ நிக்கல மாமா. செய்ய வேண்டியதைச் செஞ்சிருங்க."

கிழவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். வேண்டுதலுக்கு எடுத்த மொட்டையென்றால் கணக்கில் வராது, வளர்ந்த பிறகு பூ வைத்துக்கொள்ளலாமே என்று தயக்கத்தோடு சொன்னார். அவளுக்கு ஒரு வழி விட்டுக்கொடுக்கத்தான் அப்படிச் சொன்னார். நிற்கிறவரைக்கும் என்றுதான் சபையில் சொன்னேன், வளர்கிறவரைக்கும் என்று சொல்லவில்லை என்றாள் மாயக்காள். அவர் தலையாட்டினார்.

பிச்சையம்மாள் தெருவழியே ஓடிவந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். மதினியின் முன்னால் நின்று, அந்த வழித்த தலையைப் பார்த்தாள்.

"மூணு வருசம் எங்கையால மருந்து அரைச்சுப் போட்டேன். எங்கண்ணனை நீயே கொன்னுபுட்டியே மதினி."

ஒரு சொல் போதும். இருக்கிறான் என்ற ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் பிச்சையம்மாள் அந்த இடத்திலேயே அவள் காலில் விழுந்திருப்பாள். மறுநாளே கடிதம் எழுதச் சொல்லியிருப்பாள். வராத பதிலுக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் காத்திருப்பாள். மாயக்காள் வாயைத் திறக்கவில்லை. அது இரக்கமா, கோபமா, அல்லது வெறும் களைப்பா என்று அவளைக் கேட்டிருந்தாலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. பெரிய மனசு என்று சொல்வதற்கும் இல்லை; கடைசிவரை பிச்சையம்மாளிடம் உண்மையை மறைத்தது அந்த நாத்தனாரின் துக்கத்தைப் பொய்யான துக்கமாக்கியது.

வைகாசியில் முல்லையாற்றங்கரையில் கருமாதி நடந்தது. தர்ப்பையால் ஓர் உருவம் செய்து எரித்தார்கள். தாலியை இறக்கினார்கள். அவளிடம் எடுக்கப் பூவும் இல்லை, அவிழ்க்கக் கூந்தலும் இல்லை; அந்தச் சடங்குகளைச் செய்ய வந்த பெண்கள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். சுருளியாண்டி வந்திருந்தான். பந்தியில் உட்காரச் சொன்னார்கள். இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மாயக்காள் தூரத்திலிருந்து அவனைப் பார்த்தாள். பிறகு அவன் குனிந்து சாப்பிட்டான்.

பிச்சையம்மாள் அதன்பிறகு அவளோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமைப் பூ வேறு வீடுகளுக்குப் போயிற்று.

அந்த வருஷம் ஐப்பசிக்குள் மாயக்காளுக்கு முடி முளைத்தது. வைத்தியர் சொன்னபடி வேர் சாகாமல்தான் இருந்தது போலும். பாரம் இல்லாமல் மூன்று வருஷம் கிடந்ததும், மொட்டை அடித்ததும், அவர் கொடுத்த எண்ணெயில் மிச்சமிருந்ததை வீணாக்க மனமில்லாமல் தினமும் தேய்த்ததும் சேர்ந்து வேலை செய்திருக்கலாம். நரைமுடிதான். ஆனால் உச்சி வட்டம் ஏறக்குறைய மூடிவிட்டது. கையால் தடவினால் அறுத்த வரகுத் தாளைத் தடவுவதுபோல் இருக்கும். பூ வைக்க வேண்டியிருந்த காலத்தில் வராத முடி அது.

கார்த்திகையில் ஒரு நாள் விடியுமுன் அவள் கூடையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். மெட்டுக்குப் போகிற பெண்கள் வந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. மாயக்காள் பழைய சேலையைச் சுருட்டித் தலையில் வைத்தாள். ராமுத்தாய் அருகில் வந்து, உரிமையோடு சேலையை ஒதுக்கி அவள் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, நல்லாத்தான் வந்துருக்கு. இனிமே சும்மாடு வச்சுத் தேய்க்கப் போறியா?"

"வச்சுப் பார்த்தேன். வழுக்காம நிக்கிது" என்றாள் மாயக்காள்.

கூடையில் உப்பு ஏற்றினார்கள். இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கித் தலையில் வைத்தார்கள். அவள் கழுத்து தானாக நேராயிற்று. ஏற்றம் தொடங்கும்வரை யாரோ எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஏற்றம் தொடங்கியதும் மூச்சு மட்டும்தான். எப்போதும் பின்னால் வரும் ராமுத்தாயை முன்னே விட்டு, மாயக்காள் இந்த முறை கடைசி ஆளாக நடந்தாள்.